புலிக்கு வரும் ல

“புலிக்கு வர்ற ல” என்றாள். “பள்ளிக்கு வர்ற ள இல்லை சார்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேசுவதற்காகக் கண்ணாடியில் ஏழு துளைகள் போட்டிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் வாய் உயரத்துக்கு அளந்து போட்டவை. வெளியே நிற்பவர் இடுப்பை வளைத்தால்தான் பேச முடியும். அவள் பத்து நிமிடமாக வளைந்துகொண்டிருந்தாள். பின்னால் வரிசையில் எட்டுப் பேர்.

“அதையேதான் மேடம் நானும் சொல்றேன். ஒலியியல். எழுபத்தொண்ணு மார்க். பாஸ். இதுல என்ன பிரச்சனை?”

“நீங்க சொல்றது சரி சார். திரையில இருக்கிறதுதான் தப்பு.”

“திரையில இருக்கிறதைத்தானே சொல்றேன்.”

அவர் வாயில் எல்லா ள-வும் ல-வாகத்தான் வந்தது. திரையில் ஒளியியல் என்று இருந்தது. அவர் அதை ஒலியியல் என்று படித்தார். அவள் ஒலியியல் என்று சொன்னபோது, திரையில் இருப்பதையே இவளும் சொல்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. குறை சொல்ல முடியாது. இந்தக் கட்டடத்தில் நாக்கை மடித்துப் பேசுகிறவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

வரிசையில் நின்ற ஒருவர், “எழுதிக் காட்டுங்கம்மா, எங்களுக்கும் வேலை இருக்கு” என்றார்.

பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் இரண்டு சொற்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். அலுவலர் டிக்கெட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரும்ப டிக்கெட்டைப் பார்த்தார்.

“ஓ. இது சத்தம். அது வெளிச்சம்.”

“ஆமா சார்.”

“அப்ப நீங்க வெளிச்சம் படிக்கலை.”

“இல்லை.”

“ஆனா பாஸ் பண்ணியிருக்கீங்க.”

அலுவலர் கோப்பை எடுத்துப் புரட்டினார். நான்கு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கொடுத்த மதிப்பெண் தாளின் நகல் அதில் இருந்தது. அதிலும் ஒளியியல்தான். நான்கு வருடமாக இது உங்கள் கையில்தானே இருக்கிறது என்று கேட்டார். இருந்தது. வீட்டு இரும்பு அலமாரியில், பிளாஸ்டிக் உறைக்குள். பத்துத் தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் எழுபத்தொன்றைத்தான் பார்த்தாள்.

பாடப் பெயர் திருத்தத்துக்கு ஒரு குழு இருப்பதாக அலுவலர் சொன்னார். நான்கு மாதத்துக்கு ஒரு முறை கூடும். போன வாரத்துக்கு முந்தின வாரம்தான் கூடிக் கலைந்தது. பட்டம் பெறுவோரின் இந்த வருடப் பட்டியல் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மூடப்படும். இன்று வியாழன்.

“இல்லைன்னா அப்படியே விட்டுடுங்க. பட்டம் வந்துடும். முதல் வகுப்பு வேற. காரணத்தை மட்டும் மாத்தி எழுதணும்.”

“எந்தக் காரணம்?”

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் பெயருக்கு எதிரே ஒரு மஞ்சள் கட்டம். அதில் ‘காரணம் பொருந்தவில்லை’ என்று இருந்தது.

இந்தப் பட்டத்தில் சேரும்போது ஒரு படிவம் கொடுப்பார்கள். பல துறைகளிலிருந்து விருப்பம்போலப் பாடங்களை எடுக்கலாம். ஆனால் அவற்றை ஏன் சேர்த்துப் படிக்கிறீர்கள் என்று பத்து வரிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் எடுத்தவை மூன்று. ஒலியியல், மொழியியல், முதியோர் உளவியல். ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் எழுதிய பத்து வரி அப்படியே திரையில் இருந்தது. ஒலியியல் ஒளியியலாகிவிட்டதால் அந்தப் பத்து வரிக்கும் பாடங்களுக்கும் இப்போது சம்பந்தம் இல்லை.

அலுவலர் கெட்டவர் இல்லை. பத்து வரியையும் படித்துவிட்டு அவராகவே யோசித்துச் சொன்னார். “காது கேக்காதவங்க உதட்டைப் பார்த்துத்தானே புரிஞ்சுக்கறாங்க? பார்க்கணும்னா வெளிச்சம் வேணும்ல? அப்படி எழுதிடுங்க. மஞ்சள் போயிடும்.”

காரணம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவள் மூன்று நாள் உட்கார்ந்து எழுதியதைவிட நன்றாக இருந்தது.

அவள் மருத்துவமனையில் காதுப் பிரிவில் உதவியாளர். சோதனை அறை என்பது ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒரு நாற்காலி, ஒரு ஹெட்ஃபோன், கையில் பிடிக்க ஒரு பட்டன். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். வெளியே உட்கார்ந்து சத்தத்தை அனுப்புகிறவள் அவள். பீப், பீப் என்று பதினான்கு வருடம். வருகிறவர்கள் அவளைப் பீப் அக்கா என்பார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பீப் நன்றாகக் கேட்டவர்களில் பாதிப் பேருக்குப் பேச்சு புரியவில்லை. காது கேக்குது, நீங்க பேசுறதுதான் விளங்கலை என்பார்கள். முணுமுணுக்காமப் பேசும்மா என்று அவளையே திட்டுவார்கள். இன்னும் சிலர் எதுவும் கேட்காமலே எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். வீட்டில் போய், காது நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க என்பார்கள். பிள்ளைகள் மறுபடி கூட்டிக்கொண்டு வருவார்கள். டாக்டரிடம் கேட்டாள். அவருக்கு நேரமில்லை. படிச்சுத் தெரிஞ்சுக்கங்க என்றார். அவர் அதை ஒரு பேச்சுக்குச் சொன்னார். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சத்தம் எப்படிப் போகிறது என்பது இயற்பியலில் இருந்தது. எந்த எழுத்து முதலில் காதில் விழாமல் போகும் என்பது மொழியியலில் இருந்தது. விழாததை விழுந்தது மாதிரி ஏன் நடிக்கிறார்கள் என்பது உளவியலில் இருந்தது. ஒரு காதைத் தெரிந்துகொள்ள மூன்று கட்டடத்துக்குப் போக வேண்டியிருந்தது. கட்டடங்களுக்கு நடுவில் நடக்கப் பன்னிரண்டு நிமிடம். வகுப்புகளுக்கு நடுவில் இடைவெளி பத்து நிமிடம். ஆறு வருடமும் எல்லா வகுப்புக்கும் இரண்டு நிமிடம் தாமதமாகப் போனாள்.

போன மாதம் மருத்துவமனையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். இனிமேல் சோதனையை உதவியாளர் செய்யக்கூடாது. பரிசோதகர்தான் செய்ய வேண்டும். பரிசோதகராக இருப்பவர் ஒலியியலை ஒரு பாடமாகக் கொண்ட பட்டம் பெற்றிருக்க வேண்டும். இந்த மாத இறுதிக்குள் ஆவணம் தராவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். எடுத்தால் அவள் திரும்பவும் ஆவண அறைக்குப் போக வேண்டும். அங்கேதான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். ஜன்னல் இல்லாத அறை. கோப்புகளை வண்டியில் வைத்துத் தள்ள வேண்டும். அங்கிருந்து கூண்டுக்கு வர அவளுக்கு ஏழு வருடம் ஆகியிருந்தது.

பட்டம் வந்தால் போதாது. அதில் ஒலி இருக்க வேண்டும்.

ஜன்னலிலிருந்து நேராக இயற்பியல் துறைக்குப் போனாள். துறையின் தலைவி வெளியூரில் இருந்தார், மறுநாள் வருவார் என்றார்கள். துறைச் செயலர் மேசையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவளுக்கும் இவள் வயதுதான் இருக்கும்.

“நீங்க கலவையா?” என்றாள்.

பல்துறை நெகிழ்வுப் பட்டம் என்பது அதிகாரபூர்வமான பெயர். அதை யாரும் சொல்வதில்லை. அந்தப் பட்டத்துக்கும் கலவை என்றுதான் பெயர், படிக்கிறவர்களுக்கும் கலவை என்றுதான் பெயர்.

கலவை என்றால் எங்கள் கோப்பில் இருக்காதே என்றாள் செயலர். இருந்தாலும் பதிவேட்டை எடுத்தாள். ஒளியியல் வகுப்பு. விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். பெயரே இல்லை. பதினைந்து செய்முறை வகுப்பு கட்டாயம், ஒன்றுக்குக்கூட வரவில்லை.

“வகுப்புக்கு வரலை. லேபுக்கு வரலை. எழுபத்தொண்ணு எப்படி வந்துச்சு?”

“அதான் சொல்றேன். நான் அந்தப் பாடமே படிக்கலை.”

“படிக்காம எழுபத்தொண்ணு?”

செயலர் குரலைத் தாழ்த்தினாள். பிஸ்கட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். அக்கறையோடுதான் சொன்னாள். “மேடம், தப்பா நினைக்காதீங்க. இதை மேல கொண்டுபோனா மோசடின்னு எழுதிடுவாங்க. கிடைச்சதை வாங்கிட்டுப் பேசாமப் போயிடுங்க.”

விடைத்தாளை எடுத்துப் பார்க்கலாமே என்று கேட்டாள். இரண்டு வருடத்துக்கு மேல் வைப்பதில்லை, கிழித்துப் போட்டாயிற்று. ஒலியியல் நடத்திய ஆசிரியர்? அவர் வேறு நாட்டில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். உங்களுக்குச் சொந்தத் துறை என்று ஒன்று இருக்குமே, அங்கே கேட்டுப் பாருங்கள் என்றாள் செயலர். மொழியியலில் நிறைய கிரெடிட் எடுத்திருப்பீர்கள்.

மொழியியலில் ஓர் இளம் விரிவுரையாளர் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். ல-வும் ள-வும் பேச்சில் ஒன்றாகிப்போவதைப் பற்றித்தான் அவர் இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். அவளை உட்காரவைத்து, கைபேசியைப் பக்கத்தில் வைத்து, இரண்டு சொல்லையும் ஐந்து ஐந்து தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எப்படிச் சொன்னார் என்று சொல்லிக்காட்டச் சொன்னார். காட்டினாள்.

“அருமைங்க. எழுத்திலயே வந்து நிக்குது பாருங்க. இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்காது.”

“எனக்குத்தான் சார் சான்று வேணும்.”

அவர் சிரித்தார். கையெழுத்துப் போட முடியாது என்றார். மதிப்பெண் இயற்பியலுடையது. கலவை மாணவர் எந்தத் துறைக்கும் முழுதாகச் சேர்ந்தவர் இல்லை என்பதால் எந்தத் துறையும் முழுதாகப் பொறுப்பேற்க விதி இல்லை. விதியின் எண்ணையும் சொன்னார்.

அவள் எழுந்தாள். தன் மருத்துவமனையில் படித்துக்காட்டித் திரும்பச் சொல்லச் சொல்லும் சொற்பட்டியலில் முன்பு ல, ள சொற்கள் இருந்ததை அவரிடம் சொல்லியிருக்கலாம். புலி, புளி. வாலி, வாளி. நன்றாகக் காது கேட்பவர்களே தப்புத் தப்பாகச் சொன்னார்கள். பட்டியலைப் படிக்கிற அவளே சரியாகப் படிக்கிறாளா என்று சந்தேகம் வந்துவிட்டது. எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தச் சொற்களை எடுத்துவிடலாம் என்று டாக்டரிடம் சொன்னவளே அவள்தான். யாருக்கும் தெரியாத வித்தியாசத்தைச் சோதித்து என்ன பயன் என்று சொன்னாள். விரிவுரையாளரிடம் சொல்லியிருந்தால் அதையும் பதிவு செய்துகொண்டிருப்பார்.

உளவியல் துறையில் எல்லோரும் கூட்டத்தில் இருந்தார்கள். காத்திருக்கும் நேரத்தில் இதை நிரப்பித் தர முடியுமா என்று அலுவலக உதவியாளர் ஒரு தாளைக் கொடுத்தார். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களின் மனநிறைவு பற்றிய ஆய்வு. நாற்பது கேள்வி. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிட வேண்டும். பதினேழாவது, ‘என் பல்கலைக்கழகம் என்னை நன்கு அறிந்திருக்கிறது.’ அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தாளை மடித்து உதவியாளரின் மேசையில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

வீட்டில் கணவர் வாசல் குழாயில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தரை ஓடு பதிக்கிறவர். நகத்துக்குள் ஒட்டிய சிமெண்ட் கழுவினாலும் போவதே இல்லை. நின்றபடியே முழுவதையும் கேட்டார்.

“கலவைன்னா என்ன? மூணு பங்கு மணல், ஒரு பங்கு சிமெண்ட். நீ மூணையும் மணலாவே போட்டுட்ட. பிடிக்கிறதுக்கு உள்ள ஒண்ணும் இல்லை.”

“உங்க மூளையில நிறைய இருக்கு. அள்ளிக் கொடுங்க.”

“கோபப்படாத. ஒரு எழுத்து. உங்க ஆஸ்பத்திரில இருக்கிறவன் மட்டும் என்ன, பூதக்கண்ணாடி வெச்சா பார்க்கப் போறான்? கொண்டுபோய்க் கொடு. ஒலின்னு படிச்சுப்பான்.”

அவள் இதை யோசிக்காமல் இல்லை. பஸ்ஸில் வரும்போதே யோசித்தாள். ஜன்னல் அலுவலர் படித்த மாதிரியே அவனும் படிப்பான். நாலு வருடம் அவளே அப்படித்தான் படித்தாள். ஆனால் ஒருநாள் எவனாவது சரியாகப் படிப்பான். படிக்கிறவன் அவளுக்கு வேண்டாதவனாக இருப்பான். வகுப்புக்கு வராமல், லேபுக்கு வராமல், எழுபத்தொன்று. செயலர் சொன்ன வார்த்தையை அன்றைக்கு அவன் சொல்வான்.

மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம், வணிகவியல். மூன்று வருடம், ஒரு பாடம், ஒரு கட்டடம். பட்டத்தின் பெயர் ஒரே வரியில் அடங்கிவிடும். சாப்பிடும்போது, அம்மாவின் பட்டத்தை அச்சடிக்கத் தாளை அகலவாக்கில் போடவேண்டும் என்று கேலி செய்தாள். பிறகு, “பேசாம கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போயிடும்மா. ஒளியியல்ல எழுபத்தொண்ணுன்னா தூக்கிக் கொடுப்பாங்க” என்றாள்.

கணவர் சிரித்தார். அவளும் சிரித்திருப்பாள். வாயில் சோறு இருந்தது. விழுங்கியபோது சிரிப்பு வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். மகள் பின்னாலேயே வந்து, அம்மா சும்மாத்தான் சொன்னேன் என்றாள். தெரியும் என்றாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு. மாதத்தில் இது மூன்றாவது. இயற்பியல் துறைத் தலைவி பத்தரைக்கு வந்தார். பெட்டியோடு நேராகத் துறைக்கு வந்திருந்தார். முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, செயலரையும் கூப்பிட்டு, அவளைச் சொல்லச் சொன்னார். இடையில் பேசாமல் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

கேட்டுவிட்டு ஒலியியல் வகுப்பின் பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். நேற்று அதை எடுக்க வேண்டும் என்று செயலருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. ஒளியியலில் இல்லாததை நிரூபிப்பதிலேயே இருவரும் இருந்துவிட்டார்கள். பதிவேடு வந்தது. கடைசிப் பக்கத்தில், அச்சடித்த பெயர்களுக்குக் கீழே, மையால் எழுதிய ஒரே பெயர் அவளுடையது. நாற்பது வகுப்பில் முப்பத்தெட்டுக் கையெழுத்து. மதிப்பெண் இருக்க வேண்டிய இடம் காலி.

“மத்தவங்க மார்க்கெல்லாம் வரிசை எண்படி போயிருக்கு” என்றார் தலைவி. “இவங்க மார்க் மட்டும் தனியா ஏத்தியிருக்காங்க. யார் ஏத்தினது?”

செயலர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் மேடம் என்றாள். கலவை மாணவர்களுக்கு வரிசை எண் கிடையாது. அதனால் ஆசிரியர் பக்கத்தில் நின்று வாயால் சொல்லச் சொல்ல இவள் தட்டச்சு செய்வாள். பாடத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் அடுத்தடுத்து இருக்கும்.

“அவர் சொன்னது காதுல எப்படி விழுந்துச்சோ அப்படித்தான் மேடம் போட்டேன்.”

பீப் அக்காவுக்குச் செயலர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். முந்தின நாள் இவள்தான் மோசடி என்ற வார்த்தையைச் சொன்னாள். ஆனால் அந்த ஆசிரியரின் குரல் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவரும் நாக்கை மடிக்காதவர். ஒரு பருவம் முழுக்க அவர் எதைச் சொன்னாலும் சத்தத்தைப் பற்றித்தான் சொல்கிறார் என்று தெரிந்ததால் யாருக்கும் குழப்பம் வரவில்லை.

இப்போதாவது மாற்றிவிடலாமே என்று கேட்டாள். தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாற்ற முடியாது. பல்கலைக்கழகப் பேரவை ஒப்புக்கொண்டுவிட்ட மதிப்பெண்ணை ஒரு பாடத்திலிருந்து எடுத்து இன்னொன்றில் போடத் திருத்தக் குழுவுக்குத்தான் அதிகாரம். குழு கூட மூன்றரை மாதம் இருக்கிறது. ஆனால், என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை விரலால் தட்டினார்.

“இந்தப் பதிவேட்டின்படி நீங்க ஒலியியல் வகுப்புக்கு ஒழுங்கா வந்திருக்கீங்க. பரீட்சை மட்டும் எழுதலை. சரியா? வகுப்புக்கு வந்து பரீட்சை எழுதாதவங்க அஞ்சு வருஷத்துக்குள்ள மறுதேர்வு எழுதலாம். ஒலியியல் மறுதேர்வு நாளைக்கு. ஒன்பது மணி.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சொன்னாள்: “நான் எழுதினேன் மேடம். எழுதி, எழுபத்தொண்ணு வாங்கினேன்.”

“தெரியும்.”

“பாஸ் பண்ண பாடத்தை எதுக்கு மறுபடி பாஸ் பண்ணணும்?”

“பாஸ் பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், இதோ இவங்களுக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியாதே.”

தலைவி மீதியையும் சொன்னார். ஒளியியல் வேண்டாம் என்று இன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நாளைக்கு ஹாலுக்குள் போக முடியாது. எழுதித் தேறினால் பட்டியல் மூடுவதற்குள் தாளைத் தானே திருத்தி மதிப்பெண்ணைத் தானே ஏற்றுவதாகச் சொன்னார். ஏற்றும்போது செயலர் பக்கத்தில் இருப்பாள், ஆனால் தட்டச்சு நானேதான் செய்வேன் என்றார். அப்படிச் செய்தால் மஞ்சள் கட்டமும் தானாகப் போய்விடும், அவள் எழுதிய பழைய காரணமே போதும்.

“தேறலைன்னா?”

“ஒளியும் போயிடும், ஒலியும் இருக்காது. நாலு கிரெடிட் குறையும். இந்த வருஷம் பட்டம் கிடையாது. யோசிச்சுச் சொல்லுங்க. அப்படியே விட்டாலும் தப்பில்லை. முதல் வகுப்பு இருக்கு.”

யோசிக்க என்று தாழ்வாரத்தில் வந்து நின்றாள். நாலு வருடமாக அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. டெசிபெல்லும் அதிர்வெண்ணும் தினமும் கையில் புழங்குகிறவை. ஆனால் பரீட்சையில் அவற்றைக் கேட்க மாட்டார்கள், அவற்றை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று படிப்படியாக எழுதச் சொல்வார்கள். உதட்டைப் பார்க்க வெளிச்சம் வேண்டும் என்று பத்து வரி எழுதிக் கொடுத்தால் இன்றே வேலை முடிந்தது. நாலே வார்த்தையில் அலுவலர் சொல்லியும் கொடுத்துவிட்டார். அந்தப் பட்டத்தை மருத்துவமனையில் நீட்டிவிட்டு, கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து, யார் எப்போது சரியாகப் படிப்பான் என்று ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவளுக்கு எல்லோர் மேலும் ஆத்திரமாக வந்தது. தப்புச் செய்தவர்கள் எல்லோரும் நல்லவர்களாக இருந்தது அதைவிட ஆத்திரமாக இருந்தது. ஒருத்தராவது திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

உள்ளே போனாள்.

“எந்த ஹால் மேடம்?”

செயலர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தாள். ஒளியியல் பாடத்தைக் கைவிடுகிறேன் என்று எழுத வேண்டியிருந்தது. படித்தே இராத பாடத்தைக் கைவிட அவள் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். செயலர் அதை வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்தாள். குண்டு ள-தானே என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு பீரோவைத் திறந்து ஒலியியல் பாடப் புத்தகம் ஒன்றை எடுத்து, திங்கட்கிழமை தந்தால் போதும் என்று கொடுத்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் மாடியில் தேர்வு நடந்தது. பதினோரு பேர் எழுதினார்கள். மேற்பார்வையாளர் அவளிடம், பெற்றோர் கீழே காத்திருக்க வேண்டும் என்றார். அவள் அனுமதிச் சீட்டைக் காட்டியதும் வழிவிட்டார். ஆறு கேள்வியில் ஐந்துக்கு விடை எழுத வேண்டும். அவள் நாலு முழுதாகவும் ஒன்று பாதியாகவும் எழுதினாள். ஒத்ததிர்வுக் குழாய் பற்றிய கேள்வியில் படத்தைச் சரியாக வரைந்து கணக்கைத் தப்பாகப் போட்டாள். டெசிபெல் கேள்வியில் கேட்டதைவிட ஒரு பக்கம் அதிகமாக எழுதினாள். பன்னிரண்டு மணிக்குத் தாளை வாங்கிக்கொண்டார்கள்.

துறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கொண்டுவந்ததைச் சாப்பிட்டாள். கணவர் போன் செய்தார். எழுதிவிட்டேன் என்றாள். வேலை நடக்கும் வீட்டில் தண்ணீர் வரவில்லை, ஓடு நனைக்க முடியவில்லை, அதனால் சீக்கிரம் வந்துவிடுவதாக அவர் சொன்னார். இரண்டே முக்காலுக்குத் தலைவி வெளியே வந்து ஐம்பத்திரண்டு என்றார். தேர்ச்சிக்கு நாற்பது. மூன்று இருபதுக்கு மதிப்பெண் ஏறியது. எழுபத்தொன்று போய் ஐம்பத்திரண்டு வந்ததால் மொத்தச் சராசரி அறுபதுக்குக் கீழே இறங்கியது. பட்டம் இரண்டாம் வகுப்பு.

பட்டியலில் அவள் பெயர் இருந்த பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தார்கள். மூன்று பாடங்களையும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. நாலேகால் பஸ்ஸில் நெரிசல் இல்லை. வீட்டுக்கு வந்து சீருடையைத் துவைத்துப் போட்டாள். திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் அந்தப் பக்கத்தைக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு ஒன்பது பேருக்குச் சோதனை போட்டிருந்தார்கள்.